யானைக்கு இடமில்லாத படிவம்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். பர்மிய மொழியில் எழுதியிருந்தால் ஒரே மூச்சில் முடித்திருப்பீர்கள். ஆனால் முப்பது வருஷமாக நான் அந்த மொழியில் எழுதியதெல்லாம் அடுத்தவர்களுக்கான மனுக்கள். உங்களோடு பேச நினைத்தாலும் என் கை தானாக மனு எழுதும் நடைக்குப் போய்விடுகிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள், அவசரமில்லை.

போன மாதம், சின்னவனே, நீ செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய். பட்டப்பகலில் ஒரு யானை ஊருக்குள் வந்து, நெல் வைத்திருந்த கொட்டகையின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள் டின் தட்டிக் கத்தினார்கள். "அப்பா, திருட்டு ஆனைய பாரு" என்று சிரித்தாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று அக்காவிடம் சொன்னாயாம். கோபமில்லையடா. அந்த யானை எந்தக் காட்டு யானை என்று எனக்குத் தெரியாது. ஆனால் காட்டை இழந்து அப்படி ஊருக்குள் இறங்கிய யானைகள் வேறொரு இடத்தில் உண்டு. அந்தக் காட்டைக் கொடுத்த காகிதத்தை அடித்தவன் நான். இதை இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். நகரத்தின் நடுவே கியாக்டடாவில், அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் தெருவின் நடைபாதையில் ஒரு குடை, ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். எட்டாம் வகுப்போடு நின்றுபோன என்னைப் பெரிய பெரிய ஆட்கள்கூட "சயா" என்று கூப்பிடுவார்கள். வாத்தியாரைக் கூப்பிடுவது போல. அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

இந்தத் தொழிலில் நான் பிடிவாதமாகக் கடைப்பிடித்தது ஒன்றுதான். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட ஜன்னலில் இருக்கும் குமாஸ்தா மேற்கொண்டு படிக்காமல் திருப்பித் தள்ளிவிடுவார். தூரத்திலிருந்து வந்தவர்கள் மறுபடி பஸ் ஏறி, கப்பல் ஏறி வரவேண்டும். அதனால் பதில் இல்லாத இடத்தில் "இல்லை" என்று அடித்துவிட வேண்டும். நான் அடித்த படிவம் திரும்பி வராது என்று தெருவில் பேர். அதைக் கேட்டுத்தான் அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

கொரோனா நோய்க்காலத்துக்கு முந்தின வருஷம். கையில் காகிதம் இல்லாமல் நிலத்தில் இருப்பவர்கள் எல்லோரும் விண்ணப்பம் போட வேண்டும், போடாவிட்டால் அது காலி நிலம் என்று உத்தரவு வந்திருந்தது. தெரு முழுக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கரேன் என்ற மலை இனத்துக்காரர் ஒருவரும் அவர் மகளும் வந்தார்கள். தெற்கே தனிந்தாரி மலைக்காட்டில் அவர்கள் ஊர். அவருக்கு என் வயது இருக்கும். வாலிபத்தில் மரம் இழுக்கும் யானையோடு வேலை பார்த்தவர், இப்போது மலைச்சரிவில் நெல்லும் மிளகாயும் போடுகிறவர். மகள் நகரத்துக்கு வெளியே மாவ்பியில் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கே சந்தையில் கீரை விற்கிறாள். நாங்கள் பேசியது பர்மியத்தில். அவருக்குப் பர்மியம் நிறுத்தி நிறுத்தித்தான் வரும். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"சயா, ஃபாரம் நிரப்பணும்," என்றாள் மகள்.

"எதுக்கு? வீட்டுக்கா, தோட்டத்துக்கா?"

"மலைக்கு."

"மலையவே கேக்கப் போறீங்களா? கூட நாலு ஆறும் கேளுங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. "கேக்க வரல சயா. நாங்க அங்க இருக்கிறோம்னு சொல்ல வந்திருக்கோம்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். ஊருக்கு மேலே உள்ள சரிவுகளில் வெளியாட்கள் வந்து மஞ்சள் அடித்த முளைக்கம்புகளை நட்டிருக்கிறார்கள். இயந்திரம் வைத்துத் துளை போட்டு, கறுப்புக் கல்லை நீள நீளமாக உருவி, பெட்டியில் அடுக்கி எடுத்துப் போயிருக்கிறார்கள். நிலக்கரி.

"உங்களுக்கு முன்னாடியே தெரியாதா, அங்க கரி இருக்குன்னு?"

"தெரியாம என்ன. ஓடையில கெடக்கும். ஒரு தடவை அடுப்புல போட்டுப் பார்த்தோம். நாத்தம் தாங்கல. எம் பொண்டாட்டி சட்டியோட தூக்கி எறிஞ்சா."

"அம்மா எறிஞ்சது உங்க மேலதான், அப்பா. கல்லு மேல இல்ல," என்றாள் மகள்.

அந்தச் சரிவுகளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். அதற்காக ஊரே சேர்ந்து அவரை அனுப்பியிருக்கிறது. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எட்டுச் சரிவு. அதில் ஒன்றில் மட்டும் வீட்டு வாரியாகக் கோடு போட்டுப் பேர் எழுதியிருந்தது. மற்ற ஏழும் வெறுமையாக இருந்தன.

"இந்த ஏழும் யாருது?"

"ஊருது."

"ஊருதுன்னா பத்தாது அண்ணே. பேரு வேணும்."

"பயிர் வைக்கிற வருஷம் பேரு இருக்கும். அறுப்பு முடிஞ்சா பேரு போயிரும். நெலம் தூங்கும்."

வருஷத்துக்கு ஒரு சரிவைத்தான் வெட்டி எரித்து விதைப்பார்களாம். அறுப்பு முடிந்ததும் அந்தந்த வீட்டுக்காரர் சரிவின் ஓரத்தில் ஒரு கைச் சோறு வைத்து, இனிமேல் என் பேர் இங்கே இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஏழு வருஷம் அதில் யாரும் கை வைப்பதில்லை. மூங்கிலும் காட்டு வாழையும் முளைக்கும். அதைத் தின்ன யானைகள் வரும். மேல் காட்டிலிருந்து கீழ் ஆற்றுக்கு அவற்றின் தடமே அந்தச் சரிவுகள் வழியாகத்தான். யானைகளுக்கு மேலே சாப்பாடு இருப்பதால் கீழே நெல்லுக்கு வருவதில்லை. தூங்கும் நிலத்தில் ஒரு ஆளின் பேரை வைப்பது அவர்களுக்கு வழியை மறித்து வேலி போடுவது போல. அதனால்தான் காலண்டர் தாளில் அந்த ஏழு இடத்திலும் அவர் ஒன்றும் எழுதவில்லை. எழுத மறந்து விட்டதல்ல, மரியாதையாக விட்டது.

எனக்கு அது புரிந்தது. புரிந்தும் என் கண் படிவத்தின் மேல்தான் இருந்தது. இப்போது அந்நிலத்தில் இருப்பவர், அனுபவிப்பவர் யார் என்று ஒரு கட்டம். ஒவ்வொரு சரிவுக்கும் ஒன்று.

"சரி அண்ணே, இப்ப, இந்த வருஷம், இதுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ஆனைதான் இருக்கு."

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். "ஆனைக்கு அடையாள அட்டை இருக்கான்னு சயா கேப்பாரு."

"அட்டை இல்லேன்னாலும் பரவாயில்ல, கட்டைவிரல் ரேகை வச்சா போதும்னு ரூல் இருக்கு. உங்க ஆனை எத வைக்கும்?" என்றேன் நான்.

அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "சிரிச்சதெல்லாம் சரி சயா. ஆனைன்னு எழுதுங்க."

"எழுதினா கிழிச்சிப் போட்டுருவான் அண்ணே. அந்தக் கட்டத்துல மனுசன் பேருதான் வரும்."

"அப்போ நான் வரைஞ்ச மாதிரியே ஒண்ணும் எழுதாம விடுங்க."

"காலியா விட்டாலும் திருப்பிருவான். நீங்க கவலப்படாதீங்க, என் கையில விடுங்க. இதுவரைக்கும் ஒண்ணு திரும்பி வந்ததில்ல."

"இல்லை" என்று அடித்தேன். ஏழு கட்டத்தில் ஏழு தடவை. எழுத்து ஒன்றுக்குக் கீழே ஒன்றாக நேராக விழுந்ததைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் மை தொட்டுக் கட்டைவிரலை வைத்தார். ஜன்னலில் குமாஸ்தா கட்டங்களை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மகள் என் மேசையில் ஒரு கட்டு புளிச்சக்கீரை வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அம்மா அதைக் காய்ந்த இறால் போட்டுச் சமைத்தாள், நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டீர்கள்.

அதற்கப்புறம் நோய் வந்தது. மேசையை மடித்து வீட்டில் வைத்தேன். நோய் அடங்குவதற்குள் பட்டாளத்தின் காலம் வந்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீங்களே பார்த்தீர்கள். நான் மறுபடி தெருவில் உட்கார்ந்து சில மாதம் கழித்து அந்த மகள் மட்டும் தனியாக வந்தாள். இளைத்திருந்தாள். பிளாஸ்டிக் உறையில் ஒரு கடிதத்தின் நகல் வைத்திருந்தாள்.

"சயா, எங்கள ஞாபகம் இருக்கா? ஆனை ஃபாரம்."

கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஏழு சரிவிலும் எவரும் இல்லை என்று விண்ணப்பதாரரே எழுத்துமூலம் அறிவித்திருப்பதால் அவை காலி நிலமாகக் கொள்ளப்பட்டு, நிலக்கரி எடுக்க ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. பின்னால் ஆதாரமாக நான் அடித்த தாளின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. ஏழு "இல்லை".

அவள் அந்த இணைப்பைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். "மறுபடி ஒரு மனு அடிச்சுக் குடுங்க சயா. நீங்க அடிச்சா திரும்பாது," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னால் ஆன உதவி என்று நினைத்துக்கொண்டு இரண்டு பக்க மேல்முறையீடு அடித்தேன். தூங்கும் நிலம், சுழற்சி, யானைத் தடம், கீழே நெல், எல்லாவற்றையும் எழுதினேன். என் தொழிலில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. மனுதாரரோடு ஜன்னல் வரை போகும் வழக்கம் எனக்கில்லை. அன்றைக்குப் போனேன்.

குமாஸ்தா ஒரு இளைஞன், கெட்டவன் இல்லை. மனுவைக் கடைசி வரை படித்தான். பிறகு கோப்பை எடுத்து, பழைய படிவத்தைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தான்.

"சயா, உங்களுக்குத் தெரியாததா? ஆளே இல்லேன்னு அவங்களே எழுதி, ரேகையும் வச்சிருக்காங்க. இப்ப ஊரே இருக்கு, ஆனை இருக்குன்னா நான் எதை மேல அனுப்புறது?"

அவள் குனிந்து பார்த்தாள். விரலை ஒவ்வொரு கட்டமாக வைத்துக்கொண்டு போனாள். ஏழாவது கட்டத்தில் விரல் நின்றது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். சூலே பக்கம் போகும் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் அவளுக்கு ஒரு படி கீழே நின்றேன்.

"இது நீங்க அடிச்சதுதானே?"

"ஆமா மகளே."

"அப்பா ஆனைன்னு சொன்னாரு."

"சொன்னாரு."

"நான் சிரிச்சேன்," என்றாள். "நீங்களும் சிரிச்சீங்க."

நான் ஏதாவது திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவள் கடிதத்தை உறைக்குள் சரியாக மடித்து வைத்துவிட்டு, மாவ்பி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நான் சொன்னேன். போய்விட்டாள்.

அன்றைக்கு மிங்கலாடோனில் நம் வீட்டில் கரண்டு இல்லை. அம்மாவிடம் பாதி சொன்னேன், ஒரு மலையில் நிலக்கரி வெட்டுகிறார்கள் என்று. "அந்தக் கரியில நமக்குக் கரண்டு வருமா?" என்று கேட்டாள். வியர்வையில் நனைந்த சின்னவனுக்கு அட்டையால் விசிறிக்கொண்டே கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. வராது என்றேன். அது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. மீதிப் பாதியை அவளிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனு வேலையாக என்று உங்களிடம் சொல்லிவிட்டு மாவ்பிக்குப் போனேன். மகளைச் சந்தையில் கண்டுபிடித்தேன். "அப்பா இங்கதான் இருக்காரு," என்று சொல்லி வழி காட்டினாள். கூட வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணை. நீளமான கொட்டகை, தாங்க முடியாத நாற்றம், ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழிகள். அவர் ஒரு வாளியோடு நடுவில் நின்று தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சயா. பாருங்க, ஆனை மேய்ச்சவன் கோழி மேய்க்கிறேன். இதுங்க மிதிச்சா சாவாவது வராது," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஊரைப் பற்றிக் கேட்டேன். வேலையை நிறுத்தாமல் சொன்னார். முதலில் மூங்கிலை வெட்டினார்கள். பிறகு மண்ணை. ஓடை ஒரு மழைக்காலம் முழுக்கக் கறுப்பாக ஓடியது, அப்புறம் துருப்பிடித்த நிறத்தில். மீன் கிடையாது. யானைகள் வழக்கமான மாதத்தில் வழக்கமான தடத்தில் வந்தன. குழியின் ஓரம் வரை வந்து நின்றன. மூன்று நாள் அப்படியே வந்து வந்து நின்றனவாம். நாலாவது நாள் சுற்றிக்கொண்டு கீழே நெல்லுக்குள் இறங்கிவிட்டன. அவர் ஊரில் யானையைப் பார்த்து டின் தட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் ஒரு பெண் யானையைச் சுட்டுவிட்டார்கள்.

"யாரு, கம்பெனி ஆளுங்களா?"

அவர் வாளியை நிரப்பப் போனார். திரும்பி வந்தபோது வேறு பேச்சு பேசினார். சுட்டது ஊர்க்காரன் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பயிர் வைக்க ஒரு சரிவுதான் மிச்சம். அதையே வருஷா வருஷம் வெட்டினால் மூன்றாம் வருஷம் கல்தான் முளைக்கும் என்றார். மனைவி அங்கேயே இருக்கிறாளாம், வரமாட்டேன் என்கிறாளாம்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கட்டத்தில் நான் அடித்த வார்த்தையால்தான் நிலம் போனது என்று சொன்னேன்.

"தெரியும். மக சொன்னா."

"மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சயா, நீங்க ஆனைன்னு எழுதியிருந்தாலும் அவன் எடுத்திருப்பான். அது எனக்குத் தெரியும். கரி இருக்கிற எடத்த விடுவானா? ஆனா அப்ப நான் சொன்னது அந்தக் காகிதத்துல இருந்திருக்கும். இப்ப என்ன இருக்கு? யாரும் இல்லேன்னு எழுதி, அடியில என் வெரலு இருக்கு. ஆனைங்க இருந்துச்சு. நான் பார்த்தேன், எங்க அப்பா பார்த்தாரு. அதுங்க இல்லேன்னு நான் சொன்னதா ஆயிப்போச்சு. எங்க ஊர்ல என்னப் பார்த்துக் கேக்கிறான், எவ்வளவு வாங்கிட்டு ரேகை வச்சேன்னு."

அப்போதுதான் அவர் ஏன் மனைவியை விட்டுவிட்டு இங்கே இருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் நிலம் போன கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊரும் போயிருந்தது.

"போங்க சயா, பஸ்ஸு போயிரும்," என்றார். கோழிகள் அவர் காலைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

பிள்ளைகளே, இதில் உங்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி எனக்கு இல்லை. மலை திரும்பாது. அவர் ஊருக்குப் போகப் போவதில்லை. யானைகள் எங்கே போகும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்று எனக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தேன். அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து உண்மையைச் சொன்னான், நான் அது படிவத்துக்குப் பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டேன். என் வேலையை ஒழுங்காகச் செய்தேன், அவ்வளவுதான் நடந்தது.

மாவ்பிக்குப் போய்வந்த மறுநாள் விடிந்ததும் நான் தெருவுக்குப் போய்விட்டேன். டீக்கடைகூடத் திறக்கவில்லை. குடையை விரிக்காமல் இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகி, முதல் வரியில் என் பேரையும் நம் வீட்டு விலாசத்தையும் அடித்தேன். இந்தக் காலத்தில் அப்படிப் பேர் போட்டு எழுதுவது நல்லதில்லை என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பாள், அதனால் அவளிடம் கேட்கவில்லை. அந்த ஏழு கட்டத்திலும் உள்ள வார்த்தை விண்ணப்பதாரர் சொன்னது அல்ல, தட்டச்சு செய்த நான் போட்டது என்று எழுதினேன். அவர் சொன்னது, "யாரும் இல்ல, ஆனைதான் இருக்கு" என்பது. அதை அவர் வாயால் வந்தபடியே எழுதினேன். ஆனைன்னு எழுதுங்க என்று அவர் கேட்டதையும், நான் மறுத்ததையும் எழுதினேன். ஒரு பிரதி அவருக்கு, ஊரில் காட்டுவதற்கு. கையெழுத்துப் போட்ட பிறகு, தேவையில்லை என்றாலும், மையைத் தொட்டு என் கட்டைவிரலையும் அடியில் வைத்தேன்.

அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் கடிதப் பெட்டி இருக்கிறது. உறை பாதி நுழைந்து நின்றுவிட்டது. உள்ளே ஏற்கெனவே நிறைய இருந்திருக்க வேண்டும். மை காயாத விரலால் அதை உள்ளே தள்ளினேன்.